டிபி மாத்திரையும் ஆசா ராஜாவும்

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்றதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

"என் மாமனாருக்கு 63 வயது. பல வருடமாக சுகர் உண்டு. சில மாதமாக விடாத இருமல், ஆள் பாதியாக இளைத்துவிட்டார். ஊருக்கு எக்ஸ்ரே வண்டி வந்தபோது அத்தை கட்டாயப்படுத்திப் படம் எடுக்க வைத்தார்கள். பிறகு சளியைச் சோதித்து டிபி என்றார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரையும் கொடுத்தார்கள். வாங்கி வந்து பீரோவில் வைத்தவர், ஒன்றைக்கூடப் போடவில்லை. முன்பு சிஎஸ்ஐ சபையில் இருந்தோம். இப்போது அவர் போவது ஒரு சுயாதீன பெந்தெகொஸ்தே சபை. 'ஆசா ராஜா பரிகாரிகளை (வைத்தியர்களை) தேடினான், செத்தான். நான் தேட மாட்டேன். அதிலும் சர்க்காரிடம் கையேந்துவது எகிப்தை நம்புவது' என்கிறார். சத்துணவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்று வங்கிக் கணக்கு கேட்டதற்கும் கோபம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கவும் விடவில்லை. காப்பீடு எடுப்பது வியாதியை எதிர்பார்ப்பதாம். என் கணவர், ஜி.ஹெச். போனால் ஊருக்கே தெரிந்துவிடும், மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறார். எங்களுக்கு 9 வயதிலும் 4 வயதிலும் பிள்ளைகள். சின்னவன் தாத்தாவோடுதான் தூங்குவான். மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிடலாமா? இப்படி நினைப்பதே அவிசுவாசமா?"

அன்புள்ள சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுக்கப்போவதில்லை. முதலில் சின்னவன். இன்று இரவிலிருந்து அவன் வேறு அறையில் படுக்க வேண்டும். அறை இல்லையென்றால் உங்களோடு, தாத்தாவிடமிருந்து விலகி, ஜன்னலைத் திறந்து வைத்து. நாளைக்கே அவனையும் மூத்த பிள்ளையையும் அதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய், வீட்டில் சளியில் டிபி கண்ட ஆள் இருக்கிறார் என்று சொல்லுங்கள். இருமல், காய்ச்சல், எடை எல்லாம் பார்த்து, தேவையானால் படம் எடுத்து, நோய் இல்லையென்று தெரிந்தால் தடுப்பு மருந்து தருவார்கள். 5 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு டிபி வந்தால் வேகமாகப் பரவும், மூளைக்காய்ச்சல் வரை போகும். பிறந்ததும் பிசிஜி ஊசி போட்டிருப்பீர்கள். அது கடுமையான வகைகளுக்கு ஓரளவு காப்பு, அவ்வளவுதான். கூடவே படுக்கும் ஆள் இருமிக்கொண்டிருக்கும்போது அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இதற்கு மாமாவின் சம்மதம் தேவையில்லை. உங்கள் கடிதம் முழுவதும் அவருடைய விசுவாசத்தைப் பற்றிய தவிப்பாகவே இருக்கிறது. பிள்ளைகள் அதில் ஒரே ஒரு வரி. நான் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அவர் சுகர் மாத்திரையை வேண்டாம் என்றால் அது அவர் உடம்பு, அவருக்கும் தேவனுக்கும் நடுவிலுள்ள காரியம் என்றாவது சொல்லலாம். நான் அதற்கும் சண்டை போடுவேன், அது வேறு விஷயம். டிபி அப்படியல்ல. அவர் விடும் மூச்சு அந்த வீட்டிலுள்ள எல்லோருக்கும் பொது. "நான் கர்த்தரை நம்புகிறேன்" என்று தனக்காகச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. 4 வயதுப் பேரனின் நுரையீரலுக்காகவும் அதே முடிவை எடுக்க உரிமையில்லை. அவரிடம் பேசும்போது வேதவசனத்தில் தொடங்காதீர்கள், இங்கிருந்து தொடங்குங்கள். வசனத்தில் அவர் உங்களை ஜெயித்துவிடுவார். பேரன் விஷயத்தில் ஜெயிக்க அவருக்கே மனம் வராது.

அடுத்து, சாப்பாட்டில் கலப்பது. வேண்டவே வேண்டாம். உங்கள் தவிப்பு புரிகிறது, ஆனால் முதல் நாளே பிடிபடுவீர்கள். அந்த மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிவிடும். பிடிபடாவிட்டாலும் ஆபத்துதான். எடை பார்த்துத்தான் தினம் எத்தனை மாத்திரை என்று முடிவாகும், வெறும் வயிற்றில் போட வேண்டும், குழம்பில் கலந்தால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் போய், மூன்று நாள் போகாமல் இருந்தால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். மருந்துக்கு அடங்காத டிபிக்கு வேறு மருந்துகள், கூடுதல் பக்கவிளைவுகள், கூடுதல் அலைச்சல். மேலும் இந்த மருந்து சில சுகர் மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும், கண் பார்வை மங்கலாகலாம், மஞ்சள் காமாலை வரலாம். மருந்து சாப்பிடுகிறோம் என்று தெரிந்த ஆள்தான் இதையெல்லாம் கவனித்துச் சொல்ல முடியும்.

இனி பைபிளில் வரும் யூதாவின் ராஜா ஆசாவுக்கு வருவோம். டிபி வார்டில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த ராஜா பழைய நண்பர். 2 நாளாகமம் 16-ஆம் அதிகாரத்தை மாமா முழுவதுமாக வாசித்திருப்பார், அவருக்கு நினைவுபடுத்தினால் போதும். ஆசாவின் மேல் அங்கே வைக்கப்படும் குற்றம் பரிகாரிகளைத் தேடியது அல்ல. "கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்" என்பதுதான். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் தேவாலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியா ராஜாவுக்கு அனுப்புகிறான், கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் வைக்கிறான். கர்த்தரை விட்டுவிட்ட ஆளின் கதை அது. காலையில் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு மாத்திரை போடுகிறவரின் கதை அல்ல. எசேக்கியா ராஜாவின் கதையும் இருக்கிறது. அழுது ஜெபித்தான், 15 வருடம் ஆயுசு கூட்டிக் கொடுக்கப்பட்டது. அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயாவே, பிளவையின் மேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப் போடச் சொல்கிறார். ஜெபமும் பற்றும் ஒரே அறையில் நடக்கின்றன. பவுலோடு கூட நடந்த லூக்கா ஒரு வைத்தியர்.

ஆனால் மாமாவின் உண்மையான தடை மருந்து அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தலைவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவார் என்று. அப்படியானால் மாத்திரையைக் கொடுக்கும் கை யாருடையது என்பதுதான் அவருக்குச் சிக்கல். சர்க்கார் கை.

இதை லேசாக எடுக்காதீர்கள். வாழ்நாள் முழுவதும் யாரிடமும் கடன் வாங்காமல், ரேஷன் அரிசிகூட வேண்டாமென்று இருந்த எத்தனையோ விசுவாசிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இலவசம் என்ற சொல்லே கசக்கும். அதோடு அரசு ஆஸ்பத்திரியில் வரிசை, அதட்டல், "தள்ளி நில்லு" என்று சொல்லும் குரல். அரசுப் பணியில் இருக்கிறேன் என்பதற்காக இதையெல்லாம் மறைக்கப்போவதில்லை. 2024 தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் டிபி மாத்திரைக்கே தட்டுப்பாடு வந்து நோயாளிகள் அலைந்தார்கள். குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் குறை இருக்கிறது என்பது ஒரு காரணம், எகிப்து என்பது வேறு காரணம். இரண்டையும் மாமா ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார்.

ஏசாயா 31-இல் "ஐயோ" சொல்லப்படுவது யாருக்கு? யுத்த உதவிக்காக எகிப்தின் குதிரைகளையும் இரதங்களையும் நம்பிப் போனவர்களுக்கு. அதே எகிப்தில்தான் யோசேப்பு ஏழு வருட விளைச்சலைச் சேர்த்து வைத்துப் பஞ்ச காலத்தில் ஜனங்களைக் காப்பாற்றினான். பார்வோனின் அரசாங்கத் தானியக் கிடங்கு அது. யாக்கோபின் குடும்பமே அதில் பிழைத்தது. வரப்போகும் பஞ்சத்துக்கு முன்கூட்டியே சேர்த்து வைத்தது அவிசுவாசம் என்று எந்தப் பாஸ்டரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. காப்பீட்டு அட்டைக்கு மட்டும் ஏன் அந்தப் பேச்சு? ஏரோது பிள்ளைகளைக் கொல்லத் தேடியபோது யோசேப்பும் மரியாளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியது எந்த ஊருக்கு? மாமாவிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எதிர்வாதம் செய்ய வேண்டாம்.

"சர்க்கார் காசு" என்பதும் முழு உண்மையல்ல. ரோமர் 13-இல் பவுல் வரி கொடுக்கச் சொல்கிறார், அதை வாங்குகிற அதிகாரிகளை தேவஊழியக்காரர் என்றே சொல்கிறார். பவுல் சொன்ன அந்த அரசு ரோம சாம்ராஜ்யம், விசுவாசிகளின் அரசு அல்ல. மாமா இத்தனை வருடம் வாங்கிய சோப்பு, பிஸ்கட், பஸ் டிக்கெட் எல்லாவற்றிலும் வரி போயிருக்கிறது. அதில் ஒரு பகுதி மாத்திரையாகத் திரும்பி வருகிறது, கையேந்திப் பெற்றதல்ல. அந்த ஆயிரம் ரூபாயும் அப்படித்தான். 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து ஆயிரமானது. டிபிக்கு முட்டையும் பயறும் மருந்தைப் போலவே முக்கியம் என்பதால் கொடுக்கிறார்கள். மனசாட்சி இடிக்கிறது என்றால் பணத்தை வேண்டாம் என்று விட்டுவிடட்டும், மருந்து அதற்காக நிற்காது. டிபி மருந்துக்குக் காப்பீட்டு அட்டையும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம். எல்லோருக்கும் இலவசம். காப்பீட்டு அட்டைச் சண்டையை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். இப்போது அதுவும் சேர்ந்தால் மாமா எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத் தூக்கிப் போட்டுவிடுவார்.

தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, சென்னைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-இல் ஆரம்பித்தவர் டேவிட் சௌரிமுத்து என்ற மருத்துவர். இங்கிலாந்தில் சானடோரியம் நடத்தியவர், கணிதமேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். ஊருக்குத் திரும்பி வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அதற்கும் முன்னால், 1912-இல், பல மிஷன்கள் சேர்ந்து இன்றைய ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் டிபி சானடோரியம் தொடங்கின. மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தபோது அரசின் அனுமதியோடுதான் ஆரம்பித்தார், அந்தப் பெண்கள் எழுதியதும் அரசுத் தேர்வுதான். மிஷன் ஒரு பக்கம், சர்க்கார் ஒரு பக்கம் என்று நம் ஆட்கள் இப்போது கோடு போடுகிறார்கள். அந்தக் காலத்து ஊழியக்காரர்கள் அப்படிக் கோடு போட்டதாகத் தெரியவில்லை. மாமாவின் பழைய சபைக்காரர்களில் யாராவது தாம்பரத்திலோ ஆரோக்கியவரத்திலோ படுத்துச் சுகமாகி வந்திருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

உங்கள் கணவரின் யோசனைக்கு வருகிறேன். மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தாராளமாகப் போகலாம். அங்கே போனால் மாமா மாத்திரை போடுவார் என்றால் நாளைக்கே போங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ரகசியத்துக்காகப் போவதாக இருந்தால் அது நடக்காது. 2012 முதல் தனியார், மிஷன் என்று எந்த மருத்துவமனையில் டிபி கண்டுபிடித்தாலும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மருந்தும் அதேதான்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. ஊருக்குத் தெரியும் என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி, வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் நேராகச் சொல்வது. "யூனிஃபார்மில் வாசலில் நிற்க வேண்டாம், போனில் கூப்பிடுங்கள், நாங்கள் வந்து வாங்கிக்கொள்கிறோம்" என்றால் பெரும்பாலும் கேட்பார்கள்.

இதில் மாமாவை அசைக்கக்கூடிய ஆள் நீங்களும் அல்ல, நானும் அல்ல. அவருடைய பாஸ்டர். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு நல்ல செய்தி. சில சபைகளில் முழுநேர ஊழியர்கள் மருந்தே எடுப்பதில்லை, அது அவர்களுடைய அர்ப்பணிப்பு. ஆனால் அதே சபைகளில் விசுவாசிகள் மருத்துவமனைக்குப் போவதைத் தடுக்காத பாஸ்டர்மார் நிறைய உண்டு. நீங்களும் கணவரும் அத்தையும் சேர்ந்து அவரைத் தனியாகப் பாருங்கள். தெய்வீக சுகத்தைப் பற்றி வாதாடாதீர்கள். "பாஸ்டர் ஐயா, சின்னப் பிள்ளை வீட்டில் இருக்கிறான். மாத்திரையின் மேல் கை வைத்து ஜெபித்து, நீங்களே முதல் நாள் அவருக்குக் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். எண்ணெய் பூசி ஜெபிக்க யாக்கோபு நிருபம் சொல்கிறது, அதுவும் நடக்கட்டும். சபையில் மற்றவர்களும் பிள்ளைகளும் நெருக்கமாக உட்கார்ந்து சத்தமாகப் பாடுகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். மருந்து தொடங்கிச் சில வாரம் ஆகும்வரை மாமா வீட்டில் ஜெபிக்கட்டும், வெளியே போனால் மாஸ்க் போடட்டும்.

பாஸ்டரிடம் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: சாட்சி சொல்வதற்கு முன் சளி பரிசோதனை. டிபியில் சில சமயம் மருந்தில்லாமலே சில வாரம் இருமல் குறையும், பசி எடுக்கும், பிறகு நோய் திரும்ப வரும். அந்த நல்ல வாரத்தில் "சுகமானேன்" என்று மேடை ஏறியவர்களை நான் மறுபடியும் வார்டில் பார்த்திருக்கிறேன், அதில் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார், இருவருக்கும் டிபி. கர்த்தர் சுகமாக்கினார் என்றால் சோதனையில் தெரியட்டுமே. லூக்கா 17-இல் இயேசு பத்துக் குஷ்டரோகிகளிடம் என்ன சொல்கிறார்? போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள் என்கிறார். லேவியராகமத்தின்படி குஷ்டம் போய்விட்டதா என்று பார்த்துச் சொல்கிற அதிகாரம் அன்றைக்கு ஆசாரியனுக்குத்தான் இருந்தது. இன்றைக்கு அந்த வேலையைச் செய்வது நம் ஊர் லேப் டெக்னீஷியன்.

உபவாச ஜெபம் வேண்டாம். சுகரும் டிபியும் சேர்ந்து, எடையும் குறைந்த ஒருவர் ஒருநாள் உபவாசம் இருந்தாலும் மயங்கி விழலாம். சுகர் கட்டுக்குள் இல்லாமல் இருந்ததும் டிபி வர ஒரு காரணமாக இருக்கலாம். சுகர் உள்ளவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுதல்.

எல்லாம் சொல்லியும் கேட்கவில்லை என்றால்? தெளிந்த புத்தியுள்ள ஒருவர் வாயில் மாத்திரையைத் திணிக்க முடியாது, நான் அதைச் சொல்லவும் மாட்டேன். ஆனால் வீட்டில் விதி போடலாம்: தனி அறை, திறந்த ஜன்னல், மாஸ்க், பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது. இதைக் கோபமாகச் சொல்லாமல், மாத்திரை தொடங்கியதும் தளர்ந்துவிடும் விதி என்று சொல்லுங்கள். அதுவும் உண்மைதான். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்து மருந்து சாப்பிடுவது சானடோரியத்துக்குச் சமமாகப் பலன் தருகிறது, அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்று 1959-இல் காட்டியது. பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்புதான் நோய் பரவுகிறது. பேரன் மறுபடி மடியில் உட்கார வேண்டுமென்றால் அதற்கான வழி அந்த மாத்திரைதான் என்று அத்தை சொன்னால் நன்றாக இருக்கும்.

காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. சளியில் ரத்தம், மூச்சு வாங்குவது, கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாமை: இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் விவாதம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். 2022 முதல் தமிழ்நாட்டில் புதிய டிபி நோயாளிகளை எடை, மூச்சு, கால் வீக்கம், நிற்கும் பலம் என்று பார்த்து, கடுமையாக இருந்தால் உடனே சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. வேறு சந்தேகம் இருந்தால் டிபிக்கான இலவச எண் 1800-11-6666.

நீங்கள் நினைப்பது அவிசுவாசமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

கடைசியாக, கடிதத்தில் எல்லோரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள், உங்களைப் பற்றி ஒன்றுமில்லை. அவருக்குச் சோறு போடுவதும் பாத்திரம் கழுவுவதும் அறையைப் பெருக்குவதும் நீங்கள்தானே? பிள்ளைகளை அழைத்துப் போகும் அன்று நீங்களும் கணவரும் அத்தையும் அதே வரிசையில் நின்று சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் உங்களுக்கு இருமல் இருந்தால் அதை மறக்காமல் அங்கே சொல்லுங்கள்.